கணினியின் களஞ்சியம்



சந்தைக்குத் தொலைவிலுள்ள ஓர் ஊரிலே இருபது வீடுகள் இருக்கின்றன என வைத்துக்கொள்வோம். ஒரே பண்டத்தை வாங்குதற்கு இருபது வீட்டாரும் தனித்தனியே வண்டி கட்டிப் புறப்படுவராயின், அதனைச் சிக்கனம் என்று எவரும் சொல்லார். ஒரு வண்டியிற் கொணர்ந்து, ஒரு களஞ்சியத்தில் வைத்துப் பகிர்ந்துகொள்வதே அறிவுடைமை. பண்டமோ பகிரக் குறையும். மென்பொருளோ எத்துணை பகிரினும் குறையாது. ஆதலின், கணினிகளிற் பணிசெயல் முறைமையை நிறுவும்போது களஞ்சியத்தின் பயன் இன்னும் பெரிது.

இதற்கு டெபியன் என்னும் முறைமையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது 1993 இல் இயன் மர்டொக் என்பவராற் தொடங்கப்பெற்றது. அதன் மென்பொருள்கள் பொதி பொதியாகக் கட்டப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டுள்ளன. 'ஆப்ட்' என்னும் கருவி வேண்டிய பொதிகளைத் தேடிக் கொணரும். 'ஆப்ட்-கெட்' என்னும் கட்டளையாற் கொணர்ந்த பொதிகளின் படிகள் வன்தட்டில் ஒரு கோப்புறையிலே தங்கும். அக்களஞ்சியத்தையே 'கேஷ்' என்பர்.

ஒரு பாடசாலையில் இருபது கணினிகளுக்கு இம்முறைமையை நிறுவவேண்டியுள்ளது. ஒவ்வொன்றிற்கும் ஒரு கிகாபைட் அளவு பொதிகள் தேவை என்போம். தனித்தனியே இறக்கினால் இருபது கிகாபைட் ஆகும். இடையில் மின்சாரம் தடைப்பட்டு, வன்தட்டை மீண்டும் வடிவமைத்துத் தொடங்க நேரின், அதிற் சேர்ந்திருந்த பொதிகளும் அழிந்துபோம். இதனாலேயே களஞ்சியம் நிறுவப்படும் கணினிக்குப் புறத்தே இருத்தல் நன்று. வேறொரு கணினியில் 'ஆப்ட்-கேஷர்-என்ஜி' என்னும் மென்பொருளை அமைத்துவிட்டு, நிறுவும்போது பதிலி முகவரி எது என்று டெபியன் கேட்குமிடத்தில் அக்கணினியின் முகவரியைக் கொடுத்தல் வேண்டும். முதற் கணினிக்காக வந்த பொதிகளே ஏனையவற்றுக்கும் உதவும்.

பிறரது களஞ்சியத்திலிருந்து எடுத்த பொதியை நம்பலாமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. பொதிகளின் பட்டியல் டெபியனின் எண்முறைக் கையொப்பம் பெற்றது. ஒவ்வொரு பொதிக்கும் கைரேகை போன்ற எண்குறி ஒன்று அதன்வழி உறுதிப்படுத்தப்பட்டிருக்கும். பொதி சிறிது மாறினும் குறி பொருந்தாது; ஆப்ட் அதனை ஏலாது. ஆகவே, கையொப்பம் பற்றிய எச்சரிக்கை தோன்றுமாயின், அவசரம் கருதி அதனைத் தாண்டிச் செல்லலாகாது.

களஞ்சியத்தைத் துப்புரவு செய்தலும் கடமையே. பழைய பொதிகள் மலிந்து வன்தட்டு நிரம்பினால், புதிய பொதிகளை நிறுவுதல் தடைப்படும். 'ஆப்ட்-கெட் கிளீன்' என்னும் கட்டளை சேமித்த பொதிகளை நீக்கும். 'ஆட்டோகிளீன்' என்பதோ, இனி இணையத்திற் கிடையாத பழம்பொதிகளை மட்டுமே நீக்கும். இவற்றால் நிறுவிய மென்பொருள்கள் அழிந்துவிடுமோ என அஞ்சவேண்டா. நீங்குவது வெறும் பொதிகளே. 2016 இல் வெளிவந்த ஆப்ட் 1.2 ஆம் பதிப்பிலிருந்து, 'ஆப்ட்' என்ற கட்டளையால் நிறுவினால் நிறுவி முடிந்ததும் பொதிகள் தாமே நீக்கப்படும். எனவே, அவற்றைச் சேமிக்க விரும்புவோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

நிறுவல் முடியும்வரை பொதிகளைப் பேணுக. முத்திரையைச் சோதித்தே ஏற்க. பயன் தீர்ந்தபின் அகற்றுக. நல்ல களஞ்சியத்துக்கு இம்மூன்றுமே காவல்.