உடனே கரையக் கூடாத உறை

முட்டையின் வெள்ளைக்கருவை எவர்சில்வர் தட்டில் மெல்லிசாகத் தடவி நிழலில் காயவிடுங்கள். கண்ணாடித்தாள் போல ஒரு படலம் கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் கொழகொழத்துக் கரைந்துவிடும். அதே வெள்ளைக்கருவை வேகவைத்துவிட்டால் நாள் முழுக்க ஊறினாலும் கரையாது. இடையில் வந்தது சூடு மட்டும்தான்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தென்னேரி போன்ற ஏரிப்பாசன ஊர்களில் எறிந்த பை கடைசியில் போய் அடைவது மதகையும் வாய்க்காலையும். அந்த வெள்ளைக்கருவைப் போன்ற புரதத்தில் செய்த படலமோ மண்ணில் நுண்ணுயிர்களுக்கு இரையாகி மக்கிவிடும். அதற்கு எமன் தண்ணீர்தான்.

புரதம் சுருட்டிய நூல்கண்டு மாதிரி. பால் திரிந்தபின் பிரியும் தெளிநீரின் புரதத்தை 90 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் சூடாக்கினால் கண்டு பிரிகிறது. உள்ளே மறைந்திருந்த கந்தகம் வெளிப்பட்டு, பக்கத்து இழையோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அதில் வார்த்த படலம் தண்ணீரில் கரைவதில்லை. ஆனால் காய்ந்ததும் அப்பளமாய் நொறுங்கும். வளைந்து கொடுக்கத்தான் கிளிசரின் சேர்க்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். நனைந்தால் முதலில் கழன்று ஓடுவதும் அதுவே.

எல்லாப் புரதமும் இப்படியல்ல என்பதற்குக் காஞ்சிபுரம் பட்டே சாட்சி. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்ற பசைப் புரதம். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அது கரைந்துபோக, ஃபைப்ராயின் என்ற இன்னொரு புரதத்தின் இழை மட்டும் பளபளவென்று நிற்கும். ஒரே கொப்பரை, ஒரே சூடு, இரண்டு குணம்! அந்த ஃபைப்ராயினையே லித்தியம் புரோமைடில் கரைத்து, உப்பை நீக்கிப் படலமாக வார்த்தால், புதிதில் தண்ணீரில் கரையும். நீராவி காட்டினால் கரையாது. இதில் கிளிசரினை 30 சதவீதத்துக்கு மேல் சேர்த்தாலும் கரையாமல் நிற்கிறது. வேறு படலங்களில் கழன்று ஓடும் அதே கிளிசரின்தான் இது.

1899-இல் ஜெர்மனியில் பால் புரதத்தை ஃபார்மால்டிஹைடில் இறுக்கிப் பொத்தான்களுக்கான பிளாஸ்டிக் செய்தார்கள். ஃபார்மால்டிஹைடு நச்சு, சோற்றுப் பொட்டலத்துக்கு ஆகாது. எனக்கு நம்பிக்கை தருவது நம்மூர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். தோல் பதனிட இவை தரும் துவர்ப்புப் பொருள்தான் தோலின் புரத இழைகளைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. படலங்களிலும் அதே வேலையைச் செய்கிறது.

சாம்பார் கட்டும் பையைப் புரதப் படலத்தில் நான் கேட்கவில்லை. கடலைப் புண்ணாக்கின் எடையில் பாதிக்கு நெருக்கமாகப் புரதம் இருக்கிறது. அதில் ஒரு நாற்றுப்பை வேண்டும்: சில வாரம் பூவாளித் தண்ணீரைத் தாங்கி, கன்றோடு குழிக்குள் இறங்கியபின் வேருக்கு வழிவிட்டு மக்கிப்போகிற பை.