விற்காமல் வைத்த படங்கள்

ஊர் சேர்த்த செல்வம் – 11

இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசிலுக்கு வடக்கே, நார்தம்பர்லாந்தில் ஆஷிங்டன் என்று ஓர் ஊர். கால்பந்து ரசிகர்களுக்குத் தெரிந்த பெயர்தான். 1966இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் பாபி சார்ல்டன், ஜாக் சார்ல்டன் சகோதரர்கள் பிறந்து வளர்ந்த ஊர் அது. அவர்களுடைய தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அந்தக் காலத்து ஆஷிங்டனில் எந்த வீட்டுக் கதவைத் தட்டி, என்ன வேலை என்று கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான் வந்திருக்கும். சுரங்கக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று தெருக்களுக்கும் எண்ணே பெயர்.

இன்று அங்கே சுரங்கம் இல்லை. ஊரை ஒட்டியிருந்த வுட்ஹார்ன் சுரங்கம் 1981இல் மூடப்பட்டு, 1989இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆட்களையும் கரியையும் ஏற்றி இறக்கிய இரும்புக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. 1916 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை காலை, நிலத்தடியில் வாயு வெடித்து 13 பேர் இறந்தார்கள். அவர்களுக்காக எழுப்பியது. முதலில் ஊர்ப் பூங்காவில் இருந்ததைப் பிறகு இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே போனால் தொழிற்சங்கக் கொடிகள், சுரங்கக் கருவிகள். அவற்றோடு அதே கூரையின் கீழ் ஓர் ஓவியத் தொகுப்பும் இருக்கிறது. பெரும்பாலும் சுரங்கத்தில் வேலை செய்தவர்களே வரைந்து, தேர்ந்தெடுத்து, காப்பாற்றி வைத்த படங்கள்.

தொழிலாளர் கல்விச் சங்கம் என்ற அமைப்பு இங்கிலாந்து முழுவதும் மாலை வகுப்புகள் நடத்திவந்தது. ஆஷிங்டன்காரர்கள் அந்த வகுப்புகளில் பரிணாமக் கொள்கை போன்ற கனமான பாடங்களையே படித்து வந்தவர்கள். 1934இல் ‘ஓவிய ரசனை’ வேண்டும் என்று கேட்டார்கள். நியூகாசில் ஆம்ஸ்ட்ராங் கல்லூரியின் ஓவிய ஆசிரியர் ராபர்ட் லயன் வந்தார். மைக்கலாஞ்சலோ முதலான மறுமலர்ச்சிக் கால மேதைகளின் படங்களை ஸ்லைடில் காட்டினார். எதிரே இருந்தவர்கள் மசியவில்லை. இந்தப் படம் ஏன் நல்ல படம், அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஒரே வழி நீங்களே செய்து பார்ப்பதுதான் என்று லயன் முடிவுகட்டினார். லினோலியத்தில் செதுக்கி அச்செடுப்பதில் தொடங்கி, பிறகு வண்ணத்துக்குப் போனார்கள்.

லயன் செய்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அவர் யாருக்கும் கை பிடித்து வரையக் கற்றுத்தரவில்லை என்பது. வாரம் ஒரு தலைப்பு கொடுப்பார். ஷிப்ட் முடிந்து வந்து வீட்டில் வரைய வேண்டும். வகுப்பில் எல்லாப் படங்களையும் மாட்டி வைத்து, எல்லோரும் எல்லாவற்றையும் பேசித் தீர்க்க வேண்டும். கேன்வாஸ் வாங்க வசதி கிடையாது. ப்ளைவுட், அட்டை, கையில் கிடைத்த பலகை. வண்ணத்துக்கு, வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வால்பமர் பெயின்ட். எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களும் அல்லர். ஹாரி வில்சன் பல்செட் செய்யும் தொழிலாளி. முதல் உலகப் போரில் விஷவாயு தாக்கியதால் கடின வேலை செய்ய முடியாமல் போனவர். ஆலிவர் கில்போர்னோ 13 வயதிலேயே சுரங்கத்தில் சேர்ந்தவர்.

கில்போர்னின் சுரங்கப் படங்களுக்கு முன்னால் நிதானமாக நிற்க வேண்டும். கரி அடுக்கு தாழ்வாக இருக்கும் இடத்தில் ஆள் நிமிர முடியாது. முழங்காலிட்டோ ஒருக்களித்துப் படுத்தோதான் வேலை. விளக்கு விழுகிற இடம் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் இருட்டு. அங்கே உட்கார்ந்து படம் வரைய வழியில்லை. ஆகவே எல்லாம் நினைவிலிருந்து வரைந்தவை. தோள் எங்கே பாறையில் உரசும், எந்தக் கால் உடம்பின் எடையைத் தாங்கும், முட்டுக்கட்டை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதையெல்லாம் உடம்பே அறிந்திருந்தது. 1942இல் சிற்பி ஹென்றி மூர், போர்க்கால அரசுப் பணியாக, யார்க்ஷயரில் தன் தந்தை வேலை பார்த்த வீல்டேல் சுரங்கத்துக்குள் இறங்கித் தொழிலாளர்களை வரைந்தார். மகத்தான கோட்டோவியங்கள். இருட்டிலிருந்து திரண்டு வரும் உடல்களை மூர் கண்டார்; அந்த உடல்கள் பெரும்பாலும் சிற்பங்கள்தாம். கில்போர்னிடம் உடலைவிட வேலை முந்திக்கொண்டு தெரிகிறது. இவர் என்ன செய்கிறார், அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பது படத்திலேயே இருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கில்போர்னை எடுப்பேன்.

சுரங்கம் இவர்கள் வரைந்ததில் ஒரு பகுதிதான். ஜிம்மி ஃப்ளாய்ட் 1938இல் புறாக் கூடுகளை வரைந்தார். ஜார்ஜ் பிளெஸ்ட் ஓட்டப் பந்தய நாய்களை வரைந்தார். பொழுது முழுக்க நிலத்துக்கு அடியில் கழிக்கிறவர்களுக்கு வானத்தில் பறக்கும் புறாவும் வெட்டவெளியில் ஓடும் நாயும் எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தப் படங்களைப் பார்த்தால் புரியும். பழைய துணிக் கிழிசல்களைச் சாக்குத் துணியில் குத்திச் செருகி வீட்டு விரிப்பு செய்கிற வேலை, காய்கறித் தோட்டம், கிளப், அடுப்படி என்று ஊரின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. வகுப்பின் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால், பெண்களின் பகல்பொழுதை ஆண்களின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். தொகுப்பின் பெரிய இடைவெளி அது.

1936இல் நியூகாசில் ஹாட்டன் கலைக்கூடத்தில் இவர்களின் படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அதே காலத்தில் ஹெலன் சதர்லாந்து இவர்களுக்கு ஆதரவாக நின்றார். பி அண்ட் ஓ கப்பல் கம்பெனித் தலைவரின் மகள். பென் நிக்கல்சன், டேவிட் ஜோன்ஸ் போன்றோரின் படங்களை வாங்கிச் சேர்த்தவர். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போய்வந்த அந்தக் கப்பல்கள் எரித்தது நிலக்கரிதான் என்பது இங்கே நினைவுக்கு வராமல் போகாது. ஹெலனின் ஆதரவில் இவர்கள் லண்டனுக்குப் போய்க் கலைக்கூடங்களைப் பார்த்தார்கள். அப்போது பர்லிங்டன் ஹவுஸில் மாபெரும் சீனக் கலைக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பிய மேதைகளிடம் மசியாதவர்கள், குறைந்த கோடுகளில் நிறையச் சொல்லும் சீன ஓவியர்களிடம் மனம் பறிகொடுத்தார்கள்.

1942இல் லயன் எடின்பரோ கலைக் கல்லூரிக்குத் தலைவராகப் போய்விட்டார். பொதுவாக இந்த மாதிரி வகுப்புகள் ஆசிரியர் போனதும் கலைந்துவிடும். இவர்கள் கலையவில்லை. ஹர்ஸ்ட் யார்ட் என்ற இடத்தில் சொந்தமாக ஒரு கொட்டகை அமைத்துக்கொண்டு வாராவாரம் கூடினார்கள். 1947இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின, இயந்திரங்கள் வந்தன, சுரங்கத்துக்குள் கரி வண்டி இழுத்த மட்டக் குதிரைகள் குறைந்தன. படங்களும் அவற்றோடு நகர்ந்தன. வெளியுலகம் இவர்களை மறந்திருந்த ஆண்டுகளிலும் அந்த மேசையைச் சுற்றிப் பேச்சு நடந்தது.

நாடக ஆசிரியர் லீ ஹால் 2007இல் இவர்களை மேடையேற்றியபின் இந்தக் கதை உலகப் புகழ் பெற்றது. ‘கரி வெட்டுகிறவர்கள்கூட ஓவியம் வரைந்தார்களே’ என்ற வியப்பு எங்கும் பரவியது. எனக்கு அந்த வியப்பு உவப்பாக இல்லை. வரையும் திறமை எந்தத் தெருவிலும் பிறக்கும். அபூர்வமானது, படங்களை இவர்கள் என்ன செய்தார்கள் என்பது. சில படங்கள் விலை போயின. ஆனால் சிறந்தவை என்று தாங்கள் கூடி முடிவுசெய்தவற்றை நிரந்தரத் தொகுப்பு என்று பெயரிட்டு, ஆஷிங்டன் குழு என்ற தங்கள் குழுவின் பொதுச் சொத்தாக ஒதுக்கி வைத்தார்கள். வருமானம் குறைந்த குடும்பங்கள். விலை கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு எத்தனையோ முறை சங்கடமாக இருந்திருக்கும்.

அந்த முடிவால்தான் 1980இல் முழுத் தொகுப்பும் சீனாவுக்குப் போய்க் காட்சிக்கு வைக்கப்பட முடிந்தது. பர்லிங்டன் ஹவுஸில் பார்த்ததற்கு நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்துக் கொடுத்த பதில் மரியாதை என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். 1983இல் தரை வாடகை ஏறிக் கொட்டகை கைவிட்டுப் போனபோதும் படங்கள் சிதறவில்லை. தனித்தனியாக விற்றிருந்தால் புறாக் கூடு ஒரு வீட்டிலும் கரி வெட்டும் காட்சி இன்னொரு வீட்டிலும் தொங்கியிருக்கும். யார் எதை யாருக்குப் பக்கத்தில் மாட்டி விவாதித்தார்கள் என்பதே மறைந்திருக்கும்.

வடகிழக்கு இங்கிலாந்தின் கடைசி ஆழ்சுரங்கமான எல்லிங்டன் 2005இல் மூடப்பட்டது. முட்டுக் கொடுக்கும் விதமும் குதிரையைத் திருப்பும் விதமும் தெரிந்த கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன. வுட்ஹார்னுக்குப் போகிறவர்கள் படங்களை முதலில் பார்க்க வேண்டாம். கொடிகளையும் கருவிகளையும் பார்த்துவிட்டு, ஒரு மண்வெட்டியின் கைப்பிடி எவ்வளவு குட்டை என்பதைக் கவனித்துவிட்டு, அப்புறம் ஓவியங்களுக்கு வர வேண்டும். படங்களை இங்கே வைத்துக் காட்டுவது அருங்காட்சியகம். உரிமை இன்றும் ஆஷிங்டன் குழுவின் அறங்காவலர்களிடமே இருக்கிறது.