பாதி மொழிபெயர்த்த பெயர்

யூடியூபில் ஏதாவது ஒரு பெரிய பியானோ கச்சேரியைப் போட்டுப் பாருங்க. பியானோவின் பக்கவாட்டில் தங்க நிற எழுத்தில் 'ஸ்டெய்ன்வே அண்ட் சன்ஸ்' என்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கேட்டால் அசல் அமெரிக்கக் கம்பெனி பெயர் மாதிரிதான் இருக்கும். ஆனால் அது ஒரு ஜெர்மன் தச்சரின் குடும்பப் பெயர். ஊரில் அவர்கள் 'ஸ்டைன்வெக்'. ஸ்டைன் என்றால் கல், வெக் என்றால் வழி. அமெரிக்கா போனதும் 'வெக்' மட்டும் ஆங்கிலத்துக்கு மாறி 'வே' ஆனது. கல் அப்படியே ஜெர்மனாக நின்றுவிட்டது.

அந்தக் குடும்பமும் இந்தப் பெயர் மாதிரியேதான்: பாதி போனது, பாதி நின்றது.

ஹைன்ரிஷ் ஸ்டைன்வெக் 1797-இல் ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் வொல்ஃப்ஸ்ஹாகன் என்ற ஊரில் பிறந்தவர். நெப்போலியன் போர்க் காலம். இளம் வயதிலேயே பிரவுன்ஷ்வைக் படையில் சேர்ந்தார். வாட்டர்லூ போரில் பிகில் ஊதினார் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்த கதை. படையை விட்டு வந்தபின் மரவேலை. ஸேஸன் என்ற சிற்றூரில் பட்டறை போட்டு, 1836-இல் தன் வீட்டுச் சமையலறையிலேயே ஒரு கிராண்ட் பியானோவைச் செய்து முடித்தார்.

1848 புரட்சி தோற்றபின் ஜெர்மன் நாடுகளில் பிழைப்பு நிச்சயமில்லாமல் போனது. முதலில் மகன் சார்ல்ஸ் நியூயார்க் கிளம்பினார். 1850-இல் மொத்தக் குடும்பமும் பின்னாலேயே கப்பல் ஏறியது. மூத்த மகன் தியோடர் மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டார்.

அப்போது ஹைன்ரிஷுக்கு வயது 53. ஊரில் சொந்தப் பட்டறை வைத்திருந்த மனுஷன், நியூயார்க்கில் அடுத்தவர் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்தார். மகன்களும் அப்படித்தான். மூன்று வருஷம் ஊரின் மொழி, சந்தை, வேலை முறை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, 1853-இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். அங்கே முதலில் விற்ற பியானோவின் வரிசை எண் என்ன தெரியுமா? 1 இல்லை, 483. ஜெர்மனியில் செய்த 482-ஐயும் சேர்த்தே எண்ணினார்கள். ஊர் மாறினாலும் கணக்கை மறுபடி பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கவில்லை.

இனி நம்ம டிபார்ட்மெண்ட் விஷயம். ஒரு கிராண்ட் பியானோவில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை கிட்டத்தட்ட 20 டன். வெறும் மரச்சட்டம் அதைத் தாங்காது. வார்ப்பிரும்புச் சட்டம் வேண்டும். 1859-இல் மகன் ஹென்றி ஜூனியர் கிராண்ட் பியானோவுக்கு ஒரு காப்புரிமை வாங்கினார். தடித்த பேஸ் கம்பிகளை மற்றக் கம்பிகளுக்கு மேலே குறுக்காகச் சாய்த்துக் கட்டும் முறை அது. இதனால் அதே நீளப் பெட்டிக்குள் இன்னும் நீளமான கம்பி அடங்கும். கம்பியின் அதிர்வும் ஒலிப்பலகையின் ஓரத்துக்குப் போகாமல், நன்றாக அதிரக்கூடிய நடுப்பகுதிக்குப் போகும். ஒலி கனமாகும். இன்றைய கிராண்ட் பியானோக்களில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் கட்டப்படுகின்றன.

அதன்பின் 1865 மார்ச் வந்தது. காசநோயில் ஹென்றி ஜூனியர் போனார். அதே மாதம், ஜெர்மனிக்குப் போயிருந்த சார்ல்ஸும் டைபாய்டில் இறந்தார். கம்பெனியின் இரண்டு தூண்கள் ஒரே மாதத்தில் சாய்ந்துவிட்டன. வியாபாரத்தைக் கவனிக்க இன்னொரு மகன் வில்லியம் இருந்தார். பியானோவை வடிவமைக்கத்தான் ஆள் இல்லை. ஊரில் நின்ற தியோடர் அங்கே தான் வளர்த்த பட்டறையை க்ரோட்ரியன் என்பவருக்கும் இரண்டு கூட்டாளிகளுக்கும் விற்றுவிட்டு நியூயார்க் வந்தார். ஒலியியலை அறிவியலாகப் படித்தவர் அவர். நாம் பாடப்புத்தகத்தில் பார்க்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸோடு தொடர்பு வைத்திருந்தவர். இன்றைய ஸ்டெய்ன்வே பியானோவின் பல அம்சங்கள் அவர் கைவண்ணம். ஆனால் மனசு நியூயார்க்கில் ஒட்டவில்லை. கடைசியில் ஊருக்கே திரும்பி, 1889-இல் பிரவுன்ஷ்வைக்கில் இறந்தார்.

பட்டறையை விற்றபோது, தியோடர் ஸ்டைன்வெக்கின் வாரிசு நிறுவனம் என்று பெயர் போட்டுக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே கொடுத்திருந்தார். அது 'க்ரோட்ரியன்-ஸ்டைன்வெக்' என்று வளர்ந்தது. நூறு வருஷம் கழித்து அந்தப் பியானோவை அமெரிக்காவில் விற்பது தொடர்பாக வழக்கு வெடித்தது. வாங்கப் போகிறவர் கடைசியில் தெளிந்துவிட்டாலும், பெயரைப் பார்த்த முதல் கணத்தில் குழம்பி உள்ளே வந்தாலே அது தவறுதான் என்று 1975-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்டெய்ன்வேக்குச் சாதகமாகச் சொன்னது. இன்றும் டிரேட்மார்க் சட்டம் படிக்கிறவர்களுக்கு இது முக்கியமான வழக்கு.

இதில் வேடிக்கை என்னன்னா, தீர்ப்பு வந்த நேரத்தில் ஸ்டெய்ன்வே கம்பெனியே குடும்பத்தின் கையில் இல்லை. 1972-லேயே சிபிஎஸ்ஸுக்கு விற்றாகிவிட்டது. ஊரை விட்டுப் போனவர்களின் பெயரும் சரி, போகாமல் நின்றவரின் பெயரும் சரி, கடைசியில் வேறு யாரோ இருவருடைய சொத்தாகி கோர்ட்டில் மோதிக்கொண்டன. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: கல் பாவிய வழி.