கணினிக்கும் கதவு உண்டு

வயலுக்கு வேலியும் வீட்டிற்குக் கதவும் எத்துணை அவசியம் என்பதை நம் விவசாயப் பெருமக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இன்று ஊராட்சி அலுவலகங்களிலும், குடியானவர் இல்லங்கள் பலவற்றிலும் கணினி இடம் பெற்றுவிட்டது. பட்டா, சிட்டா நகல்கள், வங்கிக் கணக்கு விவரங்கள், ஊராட்சியின் வரவு செலவு ஆகியவை அதில் அடங்கியுள்ளன. அதற்கும் காவல் வேண்டுமன்றோ? ஆகவே, அயலார் அதனைத் தட்டிப் பார்க்கும் ‘போர்ட் ஸ்கேன்’ என்பது யாது, அதனின்றும் காத்துக்கொள்வது எங்ஙனம் என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

போர்ட் என்பது யாது?

இணையத்தில் சேர்ந்த ஒவ்வோர் இணைப்புக்கும் எண்களாலான முகவரி ஒன்று உண்டு. அதனை வீட்டு இலக்கமாகக் கொண்டால், போர்ட் என்பது அவ்வீட்டின் கதவாகும். 0 முதல் 65,535 வரை இக்கதவுகளுக்கு எண் இடப்பட்டிருக்கிறது. பாதுகாப்பான இணையதளங்களுக்கு 443. விண்டோஸ் கணினிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள 445. தொலைவிலிருந்து கணினியை இயக்க 3389. இவ்வாறு ஒவ்வொரு பணிக்கும் ஒரு கதவு. வெளியிலுள்ள ஒரு கணினி இக்கதவுகளைத் தட்டுகிறது. ‘வரலாம்’ என்று விடை வந்தால் கதவு திறந்திருக்கிறது. ‘இல்லை’ என்று வந்தால் மூடியிருக்கிறது. விடையே வராவிடில் பெரும்பாலும் காவல் இருக்கிறது. இதுவே போர்ட் ஸ்கேன்.

‘நம் சிற்றூரை எவர் தேடி வரப் போகிறார்?’ என்று கேட்போர் உளர். தட்டுவது மனிதர் அல்லர், இயந்திரம். அது ஊரும் பேரும் பார்ப்பதில்லை. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்னும் கருவி, ஐ.பி. நான்காம் பதிப்பின் பொது முகவரிகள் முழுவதிலும் ஒரு கதவை 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்க்க வல்லது என்று நிரூபித்தது.

கேடு எங்கே?

தட்டுவதனால் மட்டும் கேடு விளையாது. ஆராய்ச்சிக்காகத் தட்டுவோரும் உளர். திறந்த கதவும், அதன் பின்னே பழுதான பூட்டும் சேரும்போதுதான் நஷ்டம் நேருகிறது. 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை என்னும் தீநிரல், 445ஆம் கதவின் வழியே நுழைந்து, கோப்புகளைப் பூட்டிப் பணயப் பணம் கேட்டது. அப்பழுதை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதனைப் பொருத்தாதவரே பெரிதும் இன்னலுற்றனர். 2016இல் தோன்றிய மிராய், 23, 2323 ஆகிய கதவுகளைத் தட்டி, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத காமிராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது.

செய்யத்தக்கவை

1. ரவுட்டரே நம் வீட்டின் தலைவாசல். அதனுடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. வெளியிலிருந்து அதனை நிர்வகிக்கும் வசதியை நிறுத்துக. உள்ளிருக்கும் நிரல்கள் தாமே கதவு திறக்க இடந்தரும் யூ.பி.என்.பி. என்பதையும் தேவையில்லையெனில் நிறுத்துக.

2. விண்டோஸில் ஃபயர்வால் என்னும் காவல் உடன் வருகிறது. அது இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வேகம் குறைகிறதென்று எவரேனும் சொன்னாலும் அதனை நிறுத்தலாகாது. அறியாத நிரல் அனுமதி கேட்டால் மறுத்துவிடுக.

3. திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுக்கொள்க. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது என்பதை நினைவிற் கொள்க.

4. தொலைவிலிருந்து இயக்கும் வசதியும், கோப்புப் பகிர்வும் பயன்படாவிடில் அவற்றை மூடி வைக்க வேண்டும். வயற்கொட்டகைக் காமிராவின் கடவுச்சொல்லையும் மாற்றுக.

5. முக்கியக் கோப்புகளுக்குத் தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, அதனைக் கணினியினின்றும் கழற்றி வைக்க வேண்டும். விதைநெல்லைத் தனியே சேமிப்பது போன்றதே இது.

6. ஊராட்சியின் பணப் பட்டுவாடாவுக்குரிய டிஜிட்டல் கையொப்பச் சாவியை, பணி முடிந்ததும் எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். அது ஊர்ப் பொதுப் பணத்தின் திறவுகோல்.

ஃபயர்வால் ஏட்டில் தட்டல்கள் பல பதிவாகியிருப்பதைக் கண்டு கலங்க வேண்டா. தடுக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருந்தால் காவல் வேலை செய்கிறது என்பதே பொருள். ஆனால், ‘உங்கள் கணினி தாக்கப்படுகிறது, நாங்கள் சொல்லும் நிரலை ஏற்றுங்கள்’ என்று தொலைபேசியில் அழைப்போரை நம்பலாகாது. வெளியார் தட்டித் திறக்க இயலாத கதவை, நாமே உள்ளிருந்து திறந்து விடுவதற்கு ஒப்பாகும் அது. பணம் பறிபோனால் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைத்துத் தெரிவிக்க வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குச் செலவு ஏதுமில்லை. அரை நாள் உழைப்பே போதும். கணினிப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் இன்று ஊர்தோறும் உளர். ஊராட்சி உறுப்பினர்கள் அவர்களது துணையைப் பெற்று, முதலில் அலுவலகக் கணினியையும், பின்னர்த் தத்தம் இல்லத்துக் கணினியையும் பரிசோதிக்க முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.