சிறு டிராக்டருக்கு ஏற்றது எது? கவ்வியா, தூக்குமுள்ளா?

ரப்பர்த் தோட்டத்தில் பாரம் என்றாலே முன்னாளில் அது மனிதத் தோளின் வேலையாகவே இருந்தது. பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு நம் முன்னோர் சுமந்தனர். உர மூட்டைகளை முதுகில் ஏற்றினர். வெட்டிய மரத்துண்டுகளை இருவர் மூவராகச் சேர்ந்து உருட்டினர். இன்று பல தோட்டங்களிலும், சிறுதோட்டக்காரர்கள் கூடி நடத்தும் குழுக்களிலும், 25 முதல் 40 குதிரைத் திறன் வரையுள்ள சிறு டிராக்டர் இவ்வேலையில் பங்கு கொள்கிறது. அதன் முன்புறத்தில் லோடர் எனப்படும் முன்தூக்கி பொருத்தப்பட்டிருந்தால், ஏற்றவும் இறக்கவும் கூட அதனையே பயன்படுத்தலாம்.

முன்தூக்கியோடு மண் அள்ளும் வாளி ஒன்று சேர்ந்தே வருவது வழக்கம். அதற்கு மேல் இன்னும் ஒரு கருவிதான் வாங்க இயலும் என்ற நிலையில், கிராப்பல் எனப்படும் கவ்வியை வாங்குவதா, பேலட் போர்க் எனப்படும் தூக்குமுள்ளை வாங்குவதா என்ற வினா எழுகிறது. பெரும்பாலும் நிருவாகமோ குழுவின் செயலவையோ விற்பனையாளரின் பேச்சைக் கேட்டு முடிவு செய்துவிடுகிறது. கருவியை ஓட்டப் போகிறவரும், அதன் பக்கத்தில் நின்று வேலை செய்யப் போகிறவரும் கருத்துச் சொல்வதில்லை. பின்னர், அக்கருவி செய்ய மறுக்கும் வேலையை அவர்களே கையால் செய்து முடிக்க வேண்டியதாகிறது. ஆதலின், இதனை அறிந்து வைத்திருத்தல் தொழிலாளர்களுக்கே முதற்கண் தேவை.

தூக்குமுள்ளை நாம் பார்த்திருக்கிறோம். ரப்பர் ஆலைகளில் ஓடும் போர்க்லிப்ட் வண்டி, முன்னால் நீட்டிக் கொண்டிருக்கும் இரண்டு இரும்பு நாக்குகளே அவை. டிராக்டருக்குரியவை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமிருக்கும். அவை ஓர் இரும்புச் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். பாரத்தின் அகலத்திற்கு ஏற்ப அவற்றை நகர்த்தி வைக்கலாம். தாமாக அசையும் உறுப்பு எதுவும் அவற்றில் இல்லை. கவ்வியோ நண்டின் கொடுக்கை ஒத்தது. கீழே வரிசையாகப் பற்கள் அமைந்திருக்கும். மேலே ஒன்றோ இரண்டோ தாடைகள் இருக்கும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் தண்டு அத்தாடையை மூடி, பொருளை இறுகப் பற்றச் செய்கிறது.

இவ்விரண்டில் எது சிறந்தது என்று கேட்பது, பால்வெட்டுக் கத்தி சிறந்ததா மண்வெட்டி சிறந்ததா என்று கேட்பது போன்றது. தூக்க வேண்டிய பொருளின் இயல்பைத்தான் முதலில் நோக்க வேண்டும். பலகைத் தட்டின்மேல் வைத்தால் தானாகவே நிற்கக்கூடிய பொருளா அது? அவ்வாறாயின் தூக்குமுள் போதும். உருளும் பொருளா, சிக்கலாகக் கிடக்கும் பொருளா? அதற்குக் கவ்வியே வேண்டும். பாரம் விழாமலிருக்க ஓர் ஆள் அதனைக் கையால் தாங்கிக் கொண்டே நடக்கிறார் எனில், கருவி தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஒரு தோட்டத்தின் ஆண்டு வேலையை எண்ணிப் பார்ப்போம். உரம் 50 கிலோ மூட்டைகளாக வருகிறது. நாற்றங்காலிலிருந்து ரப்பர்க் கன்றுகள் பிளாஸ்டிக் பைகளில் வெளியேறுகின்றன. கட்டிப்பால் கோணிகளிலும், பார்மிக் அமிலம் கலன்களிலும் இடம் பெயர்கின்றன. இவை யாவும் தட்டில் அடுக்கி, வாரால் கட்டித் தூக்கத் தக்கவை. குறிப்பாகக் கன்றுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் போடும்போது வேரைச் சுற்றியுள்ள மண் உடைந்து, நட்ட பின் கன்று வாடிப்போவதைப் பலரும் அறிவர். நாற்றங்காலிலேயே தட்டில் அடுக்கி, அத்தட்டோடு தீம்பாறில் இறக்கினால் இச்சேதம் பெரிதும் குறையும். கவ்வியால் இவ்வேலையைச் செய்ய முயன்றால் பைகள் கிழிந்துவிடும்.

மறுநடவு நடைபெறும் காலத்தில் நிலைமை மாறிவிடுகிறது. ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்த மரங்கள் வீழ்த்தப்படுகின்றன. அடிமரத் துண்டுகள் அறுப்பாலைக்குப் போக வேண்டும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களுக்குள்ளேயே பூஞ்சணம் பற்றி நீலக்கறை படிகிறது, துளைப்பூச்சியும் நுழைகிறது. காட்டிலேயே கிடக்க விட்டால் நல்ல மரம் விறகு விலைக்குப் போய்விடும். ஆகவே விரைந்து ஏற்றுவது பணத்தைக் காப்பதாகும். கிளைகளையும் தூரையும் முன்போலத் தீயிட்டுக் கொளுத்தி விடவும் இயலாது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. அவற்றைத் திரட்டி நிரைகளுக்கு இடையே வரிசையாகக் குவித்து மக்கவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளை வேர் நோய் தாக்கிய மரத்தின் வேர்த் துண்டுகள் மண்ணில் தங்கினால், அவற்றிலிருந்து பூஞ்சணம் பரவி, புதிதாக நட்ட இளங்கன்றுகளின் வேரையும் அழிக்கிறது. தோண்டும் இயந்திரம் தூரைப் பெயர்த்தெடுத்த பின், சிதறிக் கிடக்கும் வேர்களைப் பொறுக்கி வெளியேற்ற வேண்டும். இதனைக் கவ்வி மிக நன்றாகச் செய்கிறது. அதன் பற்களுக்கிடையே மண் உதிர்ந்துவிடும். வேர் மட்டும் தங்கும். வாளியால் அள்ளினால் பாதி மண்ணாகவே வரும். தூக்குமுள்ளால் அள்ளினால் வேர்கள் இருபுறமும் நழுவி விழும். ஆயினும், தூரைப் பெயர்க்கும் வேலையைச் சிறு டிராக்டரின் கவ்விக்கு ஒருபோதும் கொடுத்தல் ஆகாது. அதன் தூக்குக் கரங்கள் வளைந்து போகும். முன் அச்சும் முறியக்கூடும்.

இனி எடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஏமாற்றங்களும் விபத்துகளும் இங்குதான் பிறக்கின்றன. முன்தூக்கி 500 கிலோ தூக்கும் என்று கையேட்டில் அச்சிடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அந்த அளவு, கருவி மாட்டப்படும் ஆணியின் இடத்தில் கணக்கிடப்பட்டதாக இருக்கலாம். எந்த இடத்தில் என்பதைக் கையேட்டில் பார்த்தறிய வேண்டும். பாரம் அதற்கு முன்னால் தள்ளிச் செல்லச் செல்ல, தூக்கும் ஆற்றல் குறைந்து கொண்டே போகும். ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடே இது.

மேலும், கருவியின் எடையும் பாரத்தில் சேர்ந்ததே. தூக்குமுள்ளும் சட்டமும் 110 கிலோ என்றால் எஞ்சுவது 390 கிலோ. தட்டின் நடுப்பகுதி சட்டத்திலிருந்து அரை மீட்டர் முன்னால் இருப்பதால் இதுவும் குறையும். ஆறு மூட்டை உரம், அதாவது 300 கிலோவும் தட்டின் எடையும், இத்தகைய டிராக்டருக்கு எல்லை எனக் கொள்வது அறிவுடைமை. லாரியிலிருந்து 20 மூட்டை அடுக்கிய தட்டை அப்படியே இறக்கிவிடலாம் என எண்ணினால் டிராக்டரின் பின்சக்கரம் மேலே எழும். எஸ்.எம்.ஆர். ரப்பர்ச் சிப்பங்கள் ஒவ்வொன்றும் 33⅓ கிலோ. 36 சிப்பங்கள் அடுக்கிய தட்டு 1,200 கிலோ. அதனை ஆலையின் போர்க்லிப்ட் தூக்கலாம். நம் சிறு டிராக்டர் அருகில் செல்லவும் வேண்டியதில்லை.

கவ்வி இன்னும் கனமானது. 180 கிலோ எடையுள்ள கவ்வியை மாட்டினால் எஞ்சுவது 320 கிலோ. ஈர ரப்பர் மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 900 கிலோ எனக் கொண்டால், 30 சென்டிமீட்டர் விட்டமும் 1.8 மீட்டர் நீளமும் உள்ள துண்டு ஒன்று 115 கிலோ நிறுக்கும். இரண்டு துண்டுகளைத் தூக்கலாம். மூன்றாவது எல்லையைக் கடந்துவிடும். கவ்வி பெரிதாயிருந்தால் நன்று என்று சிலர் அகலமானதைத் தேடி வாங்குகின்றனர். சிறு டிராக்டருக்கு இது பொருந்தாது. இலேசான, குறுகலான கவ்வியே பாரத்திற்கு இடம் விடும்.

முன்னால் பாரம் ஏறினால் பின்னால் எதிர்ப்பாரம் வேண்டும். காண்டாக் கம்பின் ஒரு வாளியை மட்டும் இறக்கினால் கம்பு என்ன ஆகும் என்பதைப் பால்வெட்டும் தோழருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. டிராக்டரின் பின்புற இணைப்பில் காங்கிரீட் நிரப்பிய பெட்டியையோ, கனமான வேறு கருவியையோ மாட்டியே முன்தூக்கியை இயக்க வேண்டும். கவிழ்தடுப்புச் சட்டத்தை நிமிர்த்தி வைத்து, இருக்கை வாரையும் கட்டிக் கொள்ள வேண்டும். சட்டத்தை மடக்கிவிட்டு வாரைக் கட்டுவது பெருந்தீங்கு. டிராக்டர் கவிழ்ந்தால் தாவி விலகவும் வழியிராது.

செலவில் தூக்குமுள்ளே குறைவு. கவ்விக்கு அதன் விலையோடு, தாடையைத் திறந்து மூட முன்புறத்திற்கு ஒரு தனி எண்ணெய் வழியும், அதற்குரிய அடைப்பிதழும், இரு குழாய்களும் வேண்டும். பல சிறு டிராக்டர்களில் இவை இருப்பதில்லை. பின்னர் பொருத்த வேண்டும். விலை கேட்கும்போதே இதனையும் சேர்த்துக் கேட்பது நல்லது. டிராக்டரின் இணைப்புத் தகடும் கருவியின் தகடும் ஒரே வகையா என்பதையும் அப்போதே பார்த்துக் கொள்ளலாம். இக்குழாய்கள் புதரில் சிக்கி அறுபடக் கூடியவை. அவற்றில் ஒரு சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் ஓடுகிறது. ஊசித்துளை அளவில் கசிந்தாலும் அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தோலில் புகுந்துவிட்டால், காயம் சிறியதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காலம் தாழ்ந்தால் கையையே இழக்க நேரிடும்.

தூக்குமுள்ளில் மரத்துண்டுகளை ஏற்றிச் செல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சமநிலத்தில், ஒரே நீளமான துண்டுகளை வாரால் கட்டி, தாழ்த்திக் கொண்டு போனால் ஏதோ நடக்கும். நம் தோட்டங்களில் பாதி மேடும் பள்ளமும் அன்றோ? கரங்களை உயர்த்தும்போது, முனையைச் சரிசெய்து கொண்டே வராவிடில் முட்கள் பின்புறமாகச் சாய்கின்றன. துண்டு கரங்களின் வழியே உருண்டு ஓட்டுநரின் மேலேயே வந்து விழுகிறது. இத்தகைய விபத்தில் உயிர் பிழைப்பது அரிது. மரமே முக்கிய வேலை எனில், செலவைப் பார்க்காது கவ்வியை வாங்குவதே முறையாகும். அக்கவ்வியிலும் பாரத்தை முழங்கால் உயரத்திற்கு மேல் தூக்கிக் கொண்டு ஓட்டலாகாது. சரிவில் ஏறும்போது பாரம் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். இறங்கும்போது பின்னோக்கியே இறங்க வேண்டும். படிவரிசையின் விளிம்பில் திரும்புதல் கூடவே கூடாது.

உயரத்தில் உள்ள கிளையை வெட்டவோ, கூரையைச் சீராக்கவோ தூக்குமுள்ளின்மேல் ஆளை நிறுத்தித் தூக்குமாறு யாரேனும் கட்டளையிட்டால் மறுத்துவிடுங்கள். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. உடனடி ஆபத்து உண்டென நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதனை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்கவில்லை எனில், அவ்வேலையிலிருந்து விலகிக் கொள்ளும் உரிமையை அச்சட்டம் தொழிலாளிக்கு வழங்குகிறது. விபத்து நேர்ந்துவிட்டாலோ, முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

இரண்டும் வேண்டும், பணம் இல்லை என்பவர்க்கு நடுவழிகள் சில கூறப்படுகின்றன. வாளியின் உதட்டில் திருகிப் பொருத்தும் முட்கள் மலிவானவை. ஆனால் அவை பாரத்தை மேலும் முன்னால் தள்ளுகின்றன. வாளியின் உதட்டையும் வளைத்துவிடுகின்றன. அவற்றை நாம் பரிந்துரைக்க மாட்டோம். தூக்குமுள்ளின் சட்டத்திலேயே பின்னாளில் தாடை ஒன்றைப் பொருத்திக் கொள்ளும் வகை ஓரளவு நல்லது. முன்தூக்கியே இல்லாத டிராக்டர் வைத்திருப்போர், பின்புற மும்முனை இணைப்பில் மாட்டும் தூக்குமுள்ளைப் பார்க்கலாம். அது உயரமாகத் தூக்காது. எனினும் மூட்டைகளையும் கன்றுகளையும் தரையிலிருந்து கிளப்பிக் கொண்டு போகப் போதும். பின்புற இணைப்பு பெரும்பாலும் முன்தூக்கியை விட அதிக எடையையும் தாங்கும்.

நம் கருத்தைக் கேட்டால், பால் தரும் மரங்கள் நிற்கும் தோட்டம் முதலில் தூக்குமுள்ளை வாங்கட்டும். அது ஆண்டு முழுதும் உழைக்கும். கெடுவதற்கும் அதில் ஒன்றுமில்லை. மறுநடவுக்குரிய பரப்பு ஆண்டுதோறும் உள்ள பெருந்தோட்டத்துக்கும், மரம் இழுப்பதையே தொழிலாகக் கொண்ட குழுவுக்கும் கவ்வி தகும். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு செய்யும் சிறுதோட்டக்காரர் அதனை விலைக்கு வாங்கித் துருப்பிடிக்க வைப்பதேன்? அண்டைக் குழுக்களோடு சேர்ந்து ஒன்றை வாங்கி முறை வைத்துக் கொள்ளலாம்; அல்லது மறுநடவின்போது வாடகைக்கு எடுக்கலாம். முறை வைப்பதாயின், குழாய்களையும் ஆணிகளையும் யார் சோதிப்பது, பழுதானால் யார் செலவு செய்வது என்பவற்றை முன்னதாகவே எழுதி வைத்துக் கொள்வது நலம். வேலை முடிந்ததும் எக்கருவியாயினும் தரையில் முழுதும் படியுமாறு இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். இடுப்பு உயரத்தில் நிறுத்தி வைத்த தூக்குமுள்ளின் நுனி, மாலை மங்கலில் லயத்துப் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிவதில்லை.