படக்கதைப் பக்கத்தில் ஆங்கிலம்

பெங்களூரில் எந்த வங்கிக் கிளையிலும் பணம் செலுத்தும் சீட்டை எடுத்துப் பார்த்தால், அதில் கன்னடம், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழிகள் இருக்கும். வாடிக்கையாளர் கையாளும் அச்சிட்ட படிவங்கள் அனைத்தும் வட்டார மொழியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமைய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. நல்ல நெறிமுறைதான். ஆயினும் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த பலர் கன்னடத்தைத் தாய்மொழிபோலப் பேசினாலும் அதன் எழுத்தை அறியார், இந்தியையும் அறியார். அவர்களுக்கு எஞ்சி நிற்பது அந்தத் தாளின் ஆங்கில வரி ஒன்றே. கன்னட எழுத்தைக் கற்றுக்கொள்வது வாழும் மண்ணுக்கு நாம் செய்யும் கடமை என்பதில் ஐயமில்லை. அது தனியே எழுத வேண்டிய பொருள்.

பணம் செலுத்தும் சீட்டில் இக்குறை பெரிய இடர் தராது. உறவினர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் நிற்கும்போதுதான் அதன் கனம் தெரியும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் வேறு வகையாகக் கூறப்படாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்கு இணையானது என்கிறது. வாங்கியவர் கட்டத் தவறினால் முழுத் தொகையும் கையெழுத்திட்டவரைத் தேடி வரும். இத்தகைய தாளின் முன் அமரும் பெரியவர்கள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “எங்க சார் கையெழுத்துப் போடணும்?” இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர் குறைவு. கேட்டால் ஆங்கிலம் தெரியாதது வெளிப்பட்டுவிடும் என்னும் கூச்சமே அதற்குக் காரணம்.

இவர்களுள் பலர் பத்தாம் வகுப்புவரை படித்தவர்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். தனிச் சொற்கள் பலவும் தெரியும். வாக்கியம் நீளும்போதுதான் பொருள் நழுவிவிடுகிறது. ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ வகை நூல்களும் மாலை நேரப் பயிற்சி வகுப்புகளும் பேசுவதற்குச் சில தொடர்களைத் தருகின்றனவே அன்றி, படித்துப் பொருள் கொள்ளும் ஆற்றலைத் தருவதில்லை என்பது நம் கருத்து. அவ்வாற்றல் படித்தால்தான் வரும். எதைப் படிப்பது? ஆங்கில நாளிதழ் முதல் பத்தியிலேயே மிரட்டும். குழந்தைகளின் பாடநூலோ சலிப்பூட்டும். இவ்விரண்டுக்கும் நடுவே, நம் வீடுகளில் பலகாலம் தடை செய்யப்பட்டிருந்த ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் காமிக்ஸ்.

காமிக்ஸ் மொழியைக் கெடுக்கும் என்னும் எண்ணம் ஆசிரியர்களிடையே வேரூன்றியது. 1988-இல் டொனால்டு ஹேய்ஸ், மார்கரெட் ஆரன்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் வெவ்வேறு வகை எழுத்திலும் பேச்சிலும் ஆயிரம் சொற்களுக்கு எத்தனை அரிய சொற்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தனர். பட்டம் பெற்றவர்கள் தம் நண்பர்களுடன் பேசும் பேச்சில் ஏறத்தாழ 17. தொலைக்காட்சியின் மாலை நேர நிகழ்ச்சிகளில் 23. காமிக்ஸ் புத்தகங்களில் 53. பெரியவர்களுக்கான நூல்களிலும் ஏறத்தாழ அதே அளவுதான். தென்னாப்பிரிக்காவின் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் தந்தை ஒரு தலைமையாசிரியர். அவர் தம்மைக் காமிக்ஸ் படிக்க விட்டதால்தான் ஆங்கிலத்தின் மீதும் படிப்பின் மீதும் தமக்குப் பற்று வளர்ந்தது என்று டூட்டு பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தலைமையாசிரியரே விட்டுவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பேச்சுக்குப் பெங்களூர் மிகவும் பொருத்தமான ஊர். ‘அமர் சித்திர கதா’ என்றதும் அதன் ஆசிரியர் அனந்த் பை நம் நினைவுக்கு வருவார். கர்நாடகத்தின் கார்களாவில் 1929-இல் பிறந்தவர். 1967-இல் டெல்லியில் அவர் கண்ட ஒரு தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியில், கிரேக்கப் புராணம் பற்றிய கேள்விக்கு விடை சொன்ன மாணவர்களால் இராமனின் தாய் பெயரைச் சொல்ல முடியவில்லை. அந்த வருத்தத்திலிருந்தே இவ்வரிசை பிறந்தது என்று அவர் கூறியிருக்கிறார். அதற்கு முன்பாகவே, 1965-இல், பெங்களூரில் நூல் வணிகத்தில் இருந்த ஜி.கே. அனந்தராம் கன்னடத்தில் படக்கதை வெளியிடும் யோசனையை இந்தியா புக் ஹவுஸ் நிறுவனத்திடம் சொல்லி, அது நிறைவேறியும் இருந்தது. வரிசையின் முதல் பத்து எண்கள் சின்ட்ரெல்லா போன்ற மேலைநாட்டுக் கதைகளே. பதினோராம் எண்தான் ‘கிருஷ்ணா’. அதற்குப் படம் வரைந்தவர் ராம் வாயீர்கர்.

ஆங்கிலம் அறிந்த பிள்ளைகளுக்கு நம் கதைகளைச் சொல்வதற்காகவே அனந்த் பை இந்நூல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். நாம் அதனைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம் என்கிறோம். கதை நமக்குத் தெரியும், மொழிதான் தெரியாது. பூதனை யார், கோவர்த்தன மலையை யார் தூக்கினார் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தெரிந்த கதையில் தெரியாத சொல் வரும்போது அகராதியைத் தேடும் தேவை பாதியாகக் குறைந்துவிடுகிறது. படம் மீதிப் பாதியைக் குறைக்கிறது. 2004-இல் ‘டெசால் குவார்ட்டர்லி’ என்னும் மொழி கற்பித்தல் இதழில் ஜுன் லியூ வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் சேர்க்கிறது. ஆங்கிலத்தில் பின்தங்கிய மாணவர்களுக்குக் கடினமான பாடத்தைப் படக்கதையுடன் சேர்த்துக் கொடுத்தபோது, படமின்றிப் படித்தவர்களைவிட அவர்கள் அதை நன்றாக நினைவுகூர்ந்தனர்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அமர் சித்திர கதாவின் மாந்தர் பேசுவது அரசவை ஆங்கிலம். அதே நடையில் கிளை மேலாளரை விளித்தால் அவர் எழுந்து நின்றுவிடுவார். இந்நூல்களில் நாம் கற்க வேண்டியது பேச்சைக் காட்டிலும் வாக்கிய அமைப்பை. பக்கத்தின் மேல் கட்டத்தில் கதை சொல்பவரின் குரல் இறந்தகாலத்தில் வரும். பேச்சு பலூனுக்குள் மாந்தர் நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் பேசுவர். பலூனில் உள்ளதை எடுத்து, ‘அவர் இவ்வாறு சொன்னார்’ என்று கட்டத்தின் நடையில் மாற்றி எழுதிப் பாருங்கள். பள்ளியில் நேர்கூற்று, அயற்கூற்று என்று நம்மைப் பாடாய்ப் படுத்திய இலக்கணம், இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

பேச்சு நடைக்கு ‘டிங்கிள்’ ஏற்றது. 1980-இல் தொடங்கிய இந்தச் சிறுவர் இதழில் 1983 முதல் வரும் சுப்பாண்டி ஒரு தமிழன் என்பதைப் பலர் அறியார். சப்பாண்டி என்னும் நாட்டுப்புற மாந்தரைப் பற்றித் திருச்சி வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய கதைகளிலிருந்து வந்தவன் அவன்; அவனுக்கு உருவம் கொடுத்தவரும் வாயீர்கரே. எசமான் சொல்லும் சொல்லை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்வதுதான் சுப்பாண்டியின் கோளாறு. ஆங்கிலம் கற்கும் நம் அனைவரின் கோளாறும் அதுவே அன்றோ! ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பின்னால் பார்ப்பது என்று எண்ணுவோம். பார்த்துக்கொள்வது என்பதே பொருள். வங்கிக்குள் வந்தால் இவ்வகைக் குழிகள் இன்னும் ஆழமானவை. பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்றிருந்தால் இனிப்பு வாங்கலாம்; கடன் அறிக்கையில் அதே சொல் இருந்தால் இன்னும் கட்டாத பாக்கி என்று பொருள். ‘இன்ட்ரஸ்ட்’ ஓரிடத்தில் ஆர்வம், நம்மிடத்தில் வட்டி. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக்கூடும் என்னும் விழிப்பைச் சுப்பாண்டியைப் போலச் சிரிப்போடு கற்பிப்பவர் வேறெவரும் இல்லை.

காமிக்ஸ் பக்கம் தரும் இன்னொரு பயன் காதுக்கானது. தமிழில் சொற்களை ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் ஒலிக்கும் நாம், ஆங்கிலத்தையும் அவ்வாறே பேசுகிறோம். கேட்பவருக்கு எது முக்கியமான சொல் என்று புரிவதில்லை. அமெரிக்க காமிக்ஸில் பலூனுக்குள் சில சொற்கள் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். அவையே அழுத்திச் சொல்ல வேண்டியவை. கூர்முனை பலூன் கத்துவதைக் குறிக்கும். புள்ளிக்கோட்டு பலூன் கிசுகிசுப்பை. மேகம் போன்றது எண்ணத்தை. வாய்விட்டுப் படிப்பவருக்கு இவை இசைக்குறிப்புகள் போல உதவும். பாடநூல்களில் அரிதாக வரும் சுருக்க வடிவங்களும் இங்கே ஏராளம். ‘வான்ட்’ என்பதற்கும் ‘வோன்ட்’ என்பதற்கும் ஓர் உயிரெழுத்தின் வேறுபாடுதான். ஒன்று வேண்டும் என்கிறது, மற்றது மாட்டேன் என்கிறது.

பெரும்பாலான காமிக்ஸில் எழுத்துகள் அனைத்தும் பெரிய எழுத்துகளாகவே இருப்பது ஒரு குறை. எது பெயர்ச்சொல், எது பொதுச்சொல் என்று கண் பிரித்தறியாது. ‘டின்டின்’ வரிசையின் ஆங்கிலப் பதிப்பில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் முறையாகக் கலந்து வருவதால் அது தொடக்கநிலையினருக்கு நல்லது. கேப்டன் ஹேடாக்கின் வசைமொழிகளை மட்டும் ரசித்துவிட்டு அங்கேயே விட்டுவிடவும். ‘ஆஸ்டெரிக்ஸ்’ உடன் தொடங்க வேண்டாம். ஆன்தியா பெல், டெரெக் ஹாக்ரிட்ஜ் இருவரின் மொழிபெயர்ப்பு உலகப் புகழ் பெற்றது. ஆனால் பெயர்களில்கூடச் சிலேடை. ஆங்கிலம் கற்ற பின் பரிசாக வைத்துக்கொள்ளலாம்.

நாற்பது, ஐம்பது வயதினருக்கு வேறொரு வாசலும் உண்டு. 1972-இல் சிவகாசியிலிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவியை மறந்தவர் இருக்க முடியாது. 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் ‘தி ஸ்டீல் க்ளா’ என்னும் பெயரில் ஜீசஸ் பிளாஸ்கோவின் ஓவியத்துடன் தோன்றியவன் அவன். அந்த ஆங்கில மூலம் அண்மை ஆண்டுகளில் அங்கே மறுபதிப்பாகியிருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் கை மட்டும் தெரிய உடல் மறையும் காட்சி தமிழில் நம் மனத்தில் பதிந்து கிடக்கிறது. ஆங்கில பலூன் அதன்மேல் எளிதாக அமரும்.

சிறுவர் கதை வேண்டாம் என்போர் கிராஃபிக் நாவலுக்குச் செல்லலாம். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இணையர் கோண்டு மரபில் வரைந்து 2011-இல் வெளியான ‘பீமாயணா’, அம்பேத்கரின் வாழ்வில் நேர்ந்த தீண்டாமைக் கொடுமைகளைச் சொல்வது. அதில் கனிவான சொற்களைத் தாங்கும் பலூன் பறவை வடிவில் இருக்கும். நஞ்சு கலந்த சொற்களின் பலூனுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். சொல்லின் பொருளோடு அதன் தொனியும் கண்ணுக்குத் தெரிகிறது. இந்நூல் தமிழிலும் வந்திருப்பதால் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்ற ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ நூலில், நாஜி வதைமுகாமிலிருந்து தப்பிய தந்தை பேசுவது போலந்து வாடை வீசும் பிழையான ஆங்கிலம். சொல் முன்பின்னாக இருக்கும். ஆயினும் தம் வாழ்வின் பெருந்துயரை ஓர் அணுவும் குறையாமல் அவர் சொல்லிவிடுகிறார். ஆங்கிலம் தவறாகிவிடுமோ என்று வாய் திறவாதிருப்போர் அவசியம் படிக்க வேண்டிய நூல் என்று நாம் கருதுவது இதனால்தான்.

புத்தகங்களுக்குப் பெரும் செலவு தேவையில்லை. சர்ச் தெருவில் பிளாஸம், புக்வோர்ம் ஆகிய கடைகளில் பழைய புத்தகங்களும் கிடைக்கும். அவென்யூ சாலையின் பழைய புத்தகக் கடைகளையும் பார்க்கலாம். நாளுக்கு இரண்டு பக்கம் போதும். முதலில் பலூன்களைப் படிக்காமல் படங்களை மட்டும் பார்த்து என்ன நடக்கிறது என்று ஊகியுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். தெரியாத சொற்களில் மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சனவரியிலும் நம் வங்கி தரும் நாட்குறிப்பு பல வீடுகளில் பால் கணக்குக்கூட ஏறாமல் கிடக்கிறது. அது இதற்கு உதவட்டும்.

இத்தனையும் கதைகள், வங்கிக்கு நேராக உதவும் படக்கதை ஒன்றும் இருக்கிறது. 2022-இல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் அலுவலகம் ‘ராஜு அண்ட் த ஃபார்ட்டி தீவ்ஸ்’ என்னும் படக் கையேட்டை வெளியிட்டது. எளிதில் நம்பிவிடும் ராஜு ஒவ்வொரு கதையிலும் ஒவ்வொரு வேடத்தில் வந்து, நாற்பது வகை மோசடிகளில் பணத்தை இழக்கிறார் அல்லது இழக்கும் நிலைக்கு வருகிறார். செய்ய வேண்டியவையும் கூடாதவையும் சிறு வாக்கியங்களாக உடன் இருக்கின்றன. ‘க்ளிக்’, ‘வெரிஃபை’, ‘பிளாக்’, ‘ஷேர்’ என நம் கைப்பேசிக்கு நாள்தோறும் வரும் குறுஞ்செய்திகளின் சொற்கள்தாம் அதிலும். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். பள்ளி செல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால் இருவருமாக உட்கார்ந்து நாளுக்கு ஒரு கதை படியுங்கள். ஆங்கில வாக்கியத்தைப் பிள்ளை படிக்கட்டும். அதில் இருக்கும் சூதைத் தாங்கள் விளக்குங்கள்.