சுழல் துப்பாக்கி: பழைய உருவமும் புதிய உறுப்புகளும்

பெயர்பெற்ற கருவியொன்றின் உருவத்தை மாற்றுதல் எளிதன்று. வாங்குவோர் தாம் கண்டு பழகிய வடிவத்தையே நாடுவர். ஆதலின் செய்வோர் புறத்தே பழமையைக் காத்து அகத்தே மாற்றம் புகுத்துவர். ஐக்கிய அமெரிக்காவிற் செய்யப்படும் சுழல் துப்பாக்கிகள் இதற்குத் தக்க சான்றாகும். பழையது கைவினைஞர் அரத்தால் அராவி இணைத்தது, ஆதலின் உறுதி மிக்கது. புதியது பொறிகள் கடைந்து தள்ளியது, ஆதலின் உறுதி குறைந்தது என்பது இவற்றை விரும்புவோரிடையே வேரூன்றிய எண்ணம். உறுப்புகளைத் தனித்தனியே ஆராயுமிடத்து இவ்வெண்ணம் பெரும்பாலும் நிலைபெறுவதில்லை.

சுழல் துப்பாக்கியின் சட்டத்தினுள்ளே ஓர் உருளை உண்டு. அதிற் பெரும்பாலும் ஆறு அறைகள். அறைக்கு ஒரு ரவை. பின்புறத்துச் சுத்தியலைப் பெருவிரலால் இழுக்கும்போது தள்ளுவிரல் போன்ற சிற்றுறுப்பொன்று உருளையை ஓர் அறையளவு சுழற்றும். கீழிருந்து ஒரு தாழ் எழுந்து உருளையின் பள்ளத்திற் பொருந்தி அவ்வறையைக் குழலுக்கு நேரே நிறுத்தும். விசையை அழுத்தினாற் சுத்தியல் விடுபட்டு ரவையைத் தாக்கும். இவ்வியக்கங்கள் யாவற்றுக்கும் விற்களே உயிர்.

1873 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் ஏற்றுக்கொண்ட கோல்ற் துப்பாக்கியில் இவ்வியக்கத்துக்குரிய மூன்று விற்களும் பட்டைவிற்களாம். பட்டைவில் வளையும்போது அதன் புறப்பரப்பு இழுபடும், உட்பரப்பு நெருக்குண்ணும். அவ்விசை பட்டை முழுவதும் ஒப்பப் பரவுவதில்லை. திருகாணியால் இறுக்கிய அடிப்பகுதியிலும், பட்டை இரண்டாகப் பிளவுபடும் இடத்திலும் அது மிகும். அங்கே அரம் கீறிய நுண்கோடொன்று இருப்பின், வளையுந்தோறும் அக்கோடு சிறிது சிறிதாக ஆழ்ந்து ஈற்றில் வில் முறியும். உலோகக் களைப்பு என்பது இதுவே. விசைக்கும் தாழுக்கும் பொதுவாகிய இருகிளை வில் முறிதல் இத்துப்பாக்கியின் நெடுநாளைய குறை. சுருள்வில்லின் தன்மை வேறு. சுருளை அமுக்கும்போது அதன் கம்பி வளைவதிலும் முறுகுவதே மிகுதி. அம்முறுக்கு கம்பியின் நீளம் முழுவதும் பகிரப்படும். நெடிய கம்பியைச் சிறிய இடத்திற் சுருட்டி வைக்கலாமாதலின் எவ்விடமும் அளவுக்கு மிஞ்சி வருந்துவதில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கோல்ற் நிறுவனத்தார் இவ்வகையைச் செய்வதை நிறுத்தினர். பின்னர்த் தொலைக்காட்சியில் மாட்டிடையர் கதைகள் பரவவே, மக்கள் அதனை மீண்டும் தேடலாயினர். வில்லியம் றூகர் என்பார் 1953 இல் ‘சிங்கிள் சிக்ஸ்’ என்பதையும் 1955 இல் ‘பிளாக்கோக்’ என்பதையும் வெளியிட்டார். பார்வைக்குக் கோல்ற்றின் உடன்பிறப்பு. உள்ளே யாவும் சுருள்விற்கள். அதன் சட்டம் மெழுகு வார்ப்பு முறையில் வார்க்கப்பட்டது. நம் கோயில்களின் செப்புத் திருமேனிகளை வார்க்கும் சிற்பியர் இம்முறையின் தத்துவத்தை நன்கறிவர்! அடித்துச் செய்யாமல் வார்த்துச் செய்தது உடைந்துபோகும் என எண்ணியோரும் உளர். எனினும் இக்கால வரையறைப்படி பழைய .45 கோல்ற் ரவைக்குரிய உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14,000 இறாத்தலாக, பிளாக்கோக் முதலில் ஏற்ற .357 மக்னம் ரவைக்குரியது 35,000 இறாத்தல். அதனை அச்சட்டம் தாங்கிநின்றது. கோல்ற் நிறுவனத்தாரோ 1956 இல் தம் பழைய துப்பாக்கியைப் பட்டைவிற்களோடே மீண்டும் செய்யத் தொடங்கினர்.

அந்நிறுவனத்தார் 1955 இல் வெளியிட்ட ‘பைதன்’ கைவினைக்குப் பேர்போனது. அதில் விசையை முற்ற இழுத்த நிலையில் தள்ளுவிரல் உருளையை அழுத்தியபடியே நிற்கும். தாழுக்கும் விரலுக்கும் இடையே உருளை அசைவின்றி இறுகுதலாற் குறி தவறுவது அரிது. அச்சிறப்பே அதன் நோயுமாயிற்று. வெடிக்குந்தோறும் எழும் அதிர்ச்சியை அவ்விரலின் நுனியும் தாங்கவேண்டியிருந்தது. நுனி தேய்ந்தால், தாழ் பள்ளத்தில் விழுமுன்னரே சுத்தியல் விடுபடும்; அறை குழலுக்கு நேர்படாது; சன்னம் குழல்வாயில் உராய்ந்து ஈயத்தைச் சிந்தும். தேர்ந்த கைவினைஞன் விரலைத் தட்டி நீட்டி அராவிச் சரிசெய்வான். அத்தகையோர் அருகிவிட்டமை பைதனுக்கு நேர்ந்த பெருங்கேடு.

2005 இல் நின்றுபோன பைதன் 2020 இல் மீண்டும் வந்தது. கறையில் உருக்கினாற் செய்யப்பட்ட அதன் உள்ளுறுப்புகள் தொகையிற் குறைந்தன. பின்குறிக்குக் கீழே சட்டத்தின் உருக்கு தடித்தது. எனினும் சுத்தியலுக்குரிய பட்டைவில் வடிவு திருந்தியதேயன்றி நீங்கவில்லை. நன்கு வகுத்த பட்டைவில் தீயதன்று என்பதற்கு இது சான்று. முதலில் வந்தவற்றுட் சில, உருளை சரிவரச் சுழலாமையாற் குறைகூறப்பட்டன என்பதையும் மறைத்தலாகாது.

இனி, தேய்வினும் முறிவினும் பெரிதாகிய ஒன்றுண்டு. 1873 இன் கோல்ற்றிற் சுத்தியலின் முகத்திலேயே ஊசி அமைந்திருந்தது. சுத்தியல் தாழ்ந்திருக்கும்போது அவ்வூசி ரவையின் தீமூட்டியைத் தொட்டுநிற்கும். துப்பாக்கி கைதவறி விழின் வெடிக்கும். சுத்தியலைச் சற்றே தூக்கிநிறுத்தும் பாதுகாப்புப் பள்ளம் இருந்ததாயினும் விழுந்த அடியில் அது முறிதல் கூடும். ஆகவே அறிந்தோர் ஐந்து ரவையே இட்டு, சுத்தியலின் கீழ் வெற்றறையை வைத்தனர். பிளாக்கோக்கில் ஊசி சட்டத்திலே தனித்திருந்தும் சுத்தியல் அதன்மேலேயே சாய்ந்தமையால் இடர் நீங்கவில்லை. வழக்கம் அறியாதார் ஆறும் இட்டனர், சிலர் காயமுற்றனர், சிலர் உயிரிழந்தனர், வழக்குகள் எழுந்தன.

1973 இல் றூகர் நிறுவனத்தார் புகுத்திய கடத்துதண்டு இதற்கு விடையாயிற்று. சுத்தியல் தானாக ஊசியைத் தொடாது. விசையை இழுத்தால் மாத்திரம் ஒரு சிறு தண்டு மேலெழுந்து இரண்டுக்கும் இடையே புகுந்து அடியைக் கடத்தும். விசையை விட்டால் தண்டு கீழிறங்கும். வெடிக்குந்தோறும் அடிபடும் அத்தண்டு என்றேனும் முறியலாம்; முறிந்தாலோ துப்பாக்கி வெடியாது. பழைய பள்ளம் முறிந்தால் வெடிக்கும். முறியாதது எது என்பதை மாத்திரம் வினவுவோர் இவ்வேறுபாட்டைக் காணார்.

இழப்பும் உண்டு. சுத்தியலை இழுக்கும்போது எழும் நான்கு ஒலிகளும் குறைந்தன. விசையின் இனிமையும் குன்றிற்று என்றனர் பழமை விரும்புவோர். 1973 க்கு முன் விற்ற துப்பாக்கிகளையும் கட்டணமின்றி மாற்றித்தர அந்நிறுவனத்தார் முன்வந்தபோது, கழற்றிய பழைய உறுப்புகளையும் உரியவருக்கே திருப்பி அனுப்பினர். மாற்றாத துப்பாக்கியே விலைபோகும் என்பதால், அனுப்பாது வைத்துக்கொண்டோரும் பலர்.